'ஜாம்பி'யோடு நின்றுவிடாதீர்கள்

அயர்லாந்து ராக் இசைக்குழுவான கிரான்பெரிஸ் பெயரை யாரிடம் சொன்னாலும் உடனே 'ஜாம்பி' என்கிறார்கள். பெரிய பாட்டுதான், மறுக்கவில்லை. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த அயர்லாந்து ஆயுதக் குழுவான ஐஆர்ஏ வைத்த குண்டுகள் வெடித்து 3 வயதுக் குழந்தையும் 12 வயதுச் சிறுவனும் உயிரிழந்தார்கள். அந்த ஆத்திரத்தில் குழுவின் பாடகி டொலோரஸ் ஓ'ரியார்டன் எழுதியது. யூடியூபில் அதன் வீடியோ நூறு கோடிப் பார்வைகளைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்த ஒரே பாட்டை வைத்து இந்த இசைக்குழுவை எடைபோடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

'ஜாம்பி' இருக்கும் ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் வந்த 'நோ நீட் டு ஆர்க்யூ'. மொத்தம் 13 பாட்டு, அதில் 'ஜாம்பி' நான்காவது. அதற்கு முன்னால் 'ட்வென்டி ஒன்' என்று மெதுவான ஒரு பாட்டு, பின்னால் 'எம்ப்டி'. அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு கிதார் இறங்கும்போதுதான் அந்தக் கோபம் எவ்வளவு நேரம் அடக்கி வைத்த கோபம் என்று புரியும். பிளேலிஸ்ட்டில் தனியாகக் கேட்டால் அது கிடைக்காது. ஆல்பம் முடியும் இடத்தில் டிரம்ஸும் இல்லை, கிதாரும் இல்லை. ஆர்கனும் டொலோரஸின் குரலும் மட்டும். சிறு வயதில் அயர்லாந்தின் லிமெரிக் நகருக்கு வெளியே தன் ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் அவர். இரவில் ஹெட்போனில் கேட்டால், காலியான ஒரு தேவாலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு சொல்லின் பாதியில் உடைந்து, சட்டென்று மேலே தாவும். அயர்லாந்தில் இறந்தவர்களுக்காகப் பெண்கள் பாடும் மரபு இருந்தது, நம் ஒப்பாரி மாதிரி. அந்த இழுப்பு அவர் காதல் பாட்டிலும் இருக்கும்.

1990இல் பழைய பாடகர் விலகியதும் குழுவில் இருந்த நோயல் ஹோகன், மைக் ஹோகன், ஃபெர்கல் லாலர் மூவரும் பாட ஆள் தேடினார்கள். வந்தவர் 18 வயது டொலோரஸ். நோயல் ஒரு கிதார் மெட்டை கேசட்டில் பதிந்து கொடுத்து அனுப்ப, அதற்குப் பாட்டு எழுதிக்கொண்டு திரும்பி வந்தார். அதுதான் 'லிங்கர்'. அது இடம்பெற்ற முதல் ஆல்பம் 1993இல் வந்தபோது இங்கிலாந்தில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் எம்டிவி ஒளிபரப்பிய பிறகுதான் பேச்சு கிளம்பியது. 1994இல் அதே ஆல்பம் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது.

எல்லா ஆல்பமும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். 1996இல் வந்த மூன்றாவது ஆல்பம் 'ஜாம்பி'யின் சத்தத்தைத் துரத்திக்கொண்டு போய் மூச்சு வாங்கியது. 'வென் யூ'ர் கான்' மட்டும் எனக்கு இன்றும் போதும். 1999, 2001 ஆல்பங்களில் நல்ல பாட்டுகள் உண்டு, சேர்த்துக் கேட்டால் மனதில் அவ்வளவாக நிற்பதில்லை.

நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது 2019இல் வந்த 'இன் தி எண்ட்' பற்றித்தான். 2018 ஜனவரி 15 அன்று லண்டனில் டொலோரஸ் இறந்துபோனார், 46 வயது. அடுத்த ஆல்பத்துக்காக அவர் பாடி வைத்த டெமோக்கள், அதாவது மாதிரிப் பதிவுகள், இருந்தன. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, முதல் ஆல்பத்தின் தயாரிப்பாளரான ஸ்டீஃபன் ஸ்ட்ரீட்டையே கூப்பிட்டு மூவரும் வேலையை முடித்தார்கள். இறந்தவர் குரலை வைத்துக் காசு பார்க்கிறார்கள் என்று அப்போது என்னிடமே சிலர் சொன்னார்கள். கேட்டுப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. டெமோவுக்காகப் பாடியது என்பதால் குரலில் எந்த அலங்காரமும் இல்லை. அதை மூடிவிடாமல், எங்கே மூச்சு எடுக்கிறாரோ அங்கே கிதார் ஒதுங்கி நிற்கிறது. முன்பெல்லாம் பின்னணிக் குரல்களையும் பெரும்பாலும் அவரே அடுக்கடுக்காகப் பாடிச் சேர்ப்பார். இதில் அதற்கு அவர் இல்லை. மேடையில் அவரோடு பாடிய ஜோஹன்னா கிரானிட்ச் வந்து பாடியிருக்கிறார்.

அந்த ஆல்பத்தோடு கிரான்பெரிஸ் என்ற பெயரையும் முடித்துக்கொண்டார்கள். வேறு ஒரு பாடகரைச் சேர்க்கவில்லை.

முதலில் 'லிங்கர்' கேளுங்கள், அப்புறம் 'இன் தி எண்ட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. முதலாவதில் நோயலின் கிதார் காத்திருக்கிறது, டொலோரஸ் வந்து பாடுகிறார். கடைசியில் அவர் பாடி முடித்துவிட்டுப் போயிருக்கிறார். நோயல் உட்கார்ந்து அதற்கு வாசிக்கிறார்.