ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, சரி. டீச்சருக்கு நேரம் எப்போ வரும்?

குடியாத்தம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கிறேன். அந்த உரிமையில் வகுப்பறை ஓரமாக உட்கார்ந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன். கோபப்படுகிறவர்கள் கமெண்டில் வாங்க.

அறிவியல் பாடம். நிலா ஏன் தேய்கிறது, ஏன் வளர்கிறது? திரையில் அழகான வீடியோ. நிலா சுற்றி வருகிறது, பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸ். அந்த டீச்சர் அதோடு விடவில்லை. "அப்போ அமாவாசைக்கு நிலா ஏன் தெரியல?" என்றார். பாதி வகுப்பு சொன்ன பதில்: "பூமியோட நிழல் விழுது டீச்சர்."

பெரியவர்களில் பாதிப் பேரும் இதைத்தான் சொல்வோம். நிழல் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டும், அதுவும் பௌர்ணமியில்தான். டீச்சர் ஜன்னலைச் சாத்தினார், செல்போன் டார்ச்சை ஒரு பையனிடம் கொடுத்தார், ஒரு பெண்ணின் கையில் வெள்ளைப் பந்தைக் கொடுத்து நின்ற இடத்திலேயே சுற்றச் சொன்னார். பந்து டார்ச் பக்கம் இருந்தபோது வெளிச்சம் பட்ட பாதி அவளுக்குத் தெரியவே இல்லை, அதுதான் அமாவாசை. அவள் சுற்றச் சுற்ற அந்தப் பாதி பிறையாகி, அரை நிலாவாகி, முழுசாக வந்தது. அதன்பிறகு அதே வீடியோவை மறுபடி போட்டு, நடுநடுவே நிறுத்தி, "அடுத்து எப்படித் தெரியும்? நோட்டில் வரை" என்றார். இந்த முறைதான் பிள்ளைகள் நிஜமாகப் பார்த்தார்கள்.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். குறுவள மையக் கூட்டத்தில், அதாவது சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் பயிற்சிக் கூட்டத்தில், பக்கத்து ஊர் ஆசிரியர் செய்து காட்டினாராம். மேடையிலிருந்து ஸ்லைடு ஓட்டும் பயிற்சியில் இல்லை. டீ குடிக்கும் இடைவேளையில்!

நான் சொல்ல வருவது இதுதான். பொருள் வந்து சேர்ந்துவிட்டது. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு, 2023-ல் பாட வீடியோக்களுக்கென்றே அரசின் மணற்கேணி செயலி, தொடக்கப் பள்ளி வரைக்கும் ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியர் கையில் டேப்லெட். குறை சொல்ல மாட்டேன், நாம் படித்தபோது உலக வரைபடமே பாதி கிழிந்துதான் இருக்கும். தொடக்க வகுப்புப் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் கற்க 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லித்தருவதும் நல்ல யோசனைதான். ஆனால் ஒரே அறையில் மூன்று நிலைக்கும் பாடம் நடத்த முன்தயாரிப்பு வேண்டாமா? எங்கள் டீச்சர்களின் ஓய்வுப் பாடவேளையை எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் பள்ளி, மாணவர் விவரங்களைப் பதிவேற்றுவதே தின்றுவிடுகிறது. எந்த இடத்தில் வீடியோவை நிறுத்த வேண்டும் என்று எப்போது யோசிப்பார்கள்?

பீஞ்சமந்தை மாதிரி மலை ஊர்களின் கதை வேறு. அங்கே சிக்னலை நம்பிப் பாடம் நடத்த முடியாது. வீடியோவை முதல்நாளே டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கும் யாராவது நேரம் தர வேண்டும்.

"ஆசிரியர்களுக்குச் சம்பளம் போதாதா, பயிற்சி வேறயா?" என்று கேட்கிறவர்களுக்கு: டாக்டர் புது மருந்தைப் பற்றிப் படிக்கப் போனால் மட்டும் மெச்சிக்கொள்கிறோமே?

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். வாரத்தில் ஒரு பாடவேளை பதிவேற்றம் எதுவும் இல்லாமல் முன்தயாரிப்புக்கே விட வேண்டும். குறுவள மையக் கூட்டத்தில் பாதி நேரம் ஆசிரியர்களே ஒருவருக்கொருவர் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கே.வி.குப்பம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு பக்கம் குழுவில் இருக்கிற பெற்றோர் உங்கள் பள்ளியிலும் கேளுங்கள். தீர்மான வாசகம் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் அனுப்புகிறேன்.