கோடு மட்டும் காரணமில்லை
"ஆப்பிரிக்க எல்லைச் சண்டைகளுக்கெல்லாம் காலனிக்காரர்கள் போட்ட கோடுதான் காரணம்" என்று ஆப்பிரிக்க எல்லைகள் பற்றிய இந்தக் கட்டுரை ஒரே போடாகப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2002-ல் வந்த இரண்டு தீர்ப்புகளைப் பாருங்கள், இரண்டுமே காலனிக் காலத்து ஒப்பந்தங்களை வைத்துச் சொல்லப்பட்டவை. நைஜீரியாவும் கேமரூனும் உரிமை கொண்டாடிய பக்காசி தீபகற்பம் கேமரூனுக்கே என்றது சர்வதேச நீதிமன்றம். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் நைஜீரிய மீனவர்கள், பக்கத்துக் கடலில் எண்ணெய் வேறு. நைஜீரியாவில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் நைஜீரிய அதிபர் ஒபசான்ஜோ 2006-ல் படைகளை விலக்கத் தொடங்கினார், 2008-ல் முழுவதும் கைமாறியது. ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டிவந்த அந்த மீனவக் குடும்பங்களுக்கு நடந்தது அநியாயம்தான், அதையும் கட்டுரை எழுதியிருக்க வேண்டும். ஆனால் தீர்ப்புக்குப் பிறகு இரு நாடுகளும் போருக்குப் போகவில்லை. இரண்டாவது தீர்ப்பு பாட்மே பற்றியது. அதுவோ எத்தியோப்பிய-எரித்திரிய எல்லையில் வறண்ட பூமியில் ஒரு சின்ன ஊர், எண்ணெய் கிடையாது. அதில் தொடங்கிய சண்டையில் 1998 முதல் 2000 வரை எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் பல்லாயிரம் பேரைப் பலிகொடுத்தன. ஊர் எரித்திரியாவுக்கு என்று இரு நாட்டு எல்லையை வரையறுக்க அமைத்த ஆணையம் 2002-ல் சொல்லியும், 2018-ல் அபிய் அகமது பிரதமராக வரும்வரை எத்தியோப்பியா முழுமையாக ஏற்கவில்லை. அதையே சாக்காக வைத்து எரித்திரிய அதிபர் இசையாஸ் தன் நாட்டு இளைஞர்களைக் காலவரையின்றி கட்டாய ராணுவ சேவையில் கட்டிப்போட்டார். இனவாரியாகக் கோட்டை மாற்றிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய நண்பருக்கு: பெரும்பாலும் ஒரே மொழி, ஒரே மதம் உள்ள சோமாலியாவில்தான் 1991-ல் மத்திய அரசே இல்லாமல் போனது.