ஏஜென்ட் கையில் 17சி இருக்கிறதா?

தேர்தல் முடிந்த ராத்திரியே "மெஷின்ல ஏதோ பண்ணிட்டாங்க" என்று பதிவுகள் வரிசை கட்டும். "தேர்தல் ஆணையத்தை நம்புங்கப்பா" என்று எதிர்ப்பக்கம் அறிவுரை. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. நம்ம தேர்தல் விதிகளை எழுதியவர்கள் யாரையும் நம்பி எழுதவில்லை. எதிரெதிர்க் கட்சிக்காரர்களை ஏஜென்ட்களாக வாக்குச்சாவடியில் காலையிலிருந்து மாலைவரை ஒரே பெஞ்சில் உட்கார வைப்பதே அதனால்தான். அந்த ஏற்பாட்டை நாம் ஒழுங்காகப் பயன்படுத்துகிறோமா?

7 மணிக்கு ஓட்டுப்பதிவு என்றால் 5.30-க்கே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு, நோட்டாவும் சேர்த்து. ஏஜென்ட் வராவிட்டால் 15 நிமிடம் பார்த்துவிட்டு ஆரம்பித்துவிடுவார்கள். தூக்கத்தைக் கோட்டைவிட மனமில்லாத ஏஜென்ட்டால் எந்தக் கட்சிக்கும் பிரயோஜனம் இல்லை. முடிந்ததும் ஓட்டுகளைப் பதிந்துவைக்கும் கன்ட்ரோல் யூனிட்டில் குளோஸ், ரிசல்ட், கிளியர் என்று வரிசையாக அழுத்தி, விவிபேட்டில் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் எந்திரம்) விழுந்த சீட்டுகளை எடுத்து, பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு சீல் வைக்க வேண்டும். கிளியர் அழுத்த மறந்தால் அந்த ஓட்டுகள் உள்ளேயே தங்கி, சாயங்காலம் கணக்கு உதைக்கும். வெளியே நிற்பவருக்கு அது மோசடியாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட எந்திரத்தை எண்ணும்போது ஒதுக்கிவைப்பார்கள். அந்தச் சாவடியின் விவிபேட் சீட்டுகளை எண்ணுவார்கள்.

முக்கியமான காகிதம், சாவடியின் ஓட்டுக் கணக்கை எழுதும் 17சி படிவம். எந்திரங்களின் வரிசை எண்கள், ஓட்டுப்போட வந்து 17ஏ பதிவேட்டில் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர், எந்திரம் காட்டும் மொத்தம், காகித சீல்களின் எண்கள் எல்லாம் அதன் முதல் பகுதியில் இருக்கும். ஓட்டுப்பதிவு முடியும்போது அங்கே இருக்கிற ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் இதன் நகலைச் சாவடியின் தலைமை அலுவலர் கொடுத்தே ஆக வேண்டும். 1961-ம் வருடத் தேர்தல் விதிகளில் 49எஸ் விதி இது. எண்ணும் நாளில் கன்ட்ரோல் யூனிட் மேசைக்கு வந்ததும் ரிசல்ட்டுக்கு முன்னால் இந்த நகலோடு வரிசை எண், சீல், மொத்தம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். ஆறு மணிக்கே பிரியாணிக்குக் கிளம்பிவிட்ட ஏஜென்ட் எதை வைத்து ஒப்பிடுவார்?

ஆணையத்தின் பக்கமும் குறை இருக்கிறது. 2024 ஏப்ரல் 19 இரவு 7 மணிக்குத் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு 72.09 சதவீதம் என்று அறிவித்தார்கள். மறுநாள் அது 69.46. தென் சென்னையில் 67-க்கு மேல் சொன்னது 54-க்கு இறங்கியது. எல்லாச் சாவடியிலிருந்தும் வராத செயலித் தகவலை வைத்துச் சொன்ன உத்தேசக் கணக்கு அது. ஓட்டு எண்ணிக்கை எதுவும் மாறவில்லை. ஆனால் உத்தேசம் என்று கொட்டை எழுத்தில் போடாமல் தசமப் புள்ளியோடு அறிவித்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

2021-ல் வேளச்சேரியில் விவிபேட்டை டூவீலரில் கொண்டுபோனதைப் பொதுமக்கள் மடக்கினார்கள். 92-ம் எண் சாவடியில் ஏப்ரல் 17-ம் தேதி மறுவாக்குப்பதிவு நடந்தது. தெருவில் நின்று மடக்கியவர்களின் சந்தேகம் உருப்படியான சந்தேகம். பார்த்தார்கள், பிடித்தார்கள், ஆணையம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

என் கோரிக்கை ஒன்றுதான்: 17சி-யை ஸ்கேன் செய்து அன்றிரவோ மறுநாளோ இணையத்தில் ஏற்றுங்கள். படத்தைத் திருத்திக் குழப்பம் பண்ணுவார்கள் என்று 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் ஆணையம் சொன்னது. அசல் தளத்திலேயே கிடந்து, ஏஜென்ட்கள் கையிலும் நகல் இருந்தால் திருத்தியது அரை மணி நேரத்தில் அம்பலமாகிவிடும். அசலைப் பூட்டி வைத்திருக்கும்போதுதான் போலிக்கு மவுசு. சென்னை மாவட்டத்தில் 16 தொகுதி. சாவடிக்கு ஓரிரு பக்கம். மண்டல அலுவலகத்தில் இருக்கிற ஸ்கேனரே போதும்.