பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்க்கு மேலேதான் பறக்கும் ரயில் போகிறது

சென்னை மயிலாப்பூரில் பறக்கும் ரயில் (தூண்களின் மேல் ஓடும் நகர ரயில்) ஏறுகிறவர்கள் பலரும் கீழே ஓடும் கறுப்புத் தண்ணீரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு "கூவம்" என்பார்கள். அது கூவம் இல்லை, பக்கிங்ஹாம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பகுதி 1877, 1878-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. மண்வெட்டியும் கூடையுமாக வெட்டியவர்கள், 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் ஊரில் பிழைக்க வழியில்லாமல் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். அன்றைக்குச் சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்துவிட்டது. மண் சுமந்தவர்கள் யாரென்று சொல்ல அங்கே ஒரு கல்கூடக் கிடையாது.

நான் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பெற்றோர் கூட்டம் வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "மிஸ், ஹிஸ்டரிக்கு எதுக்கு இவ்ளோ நேரம்? அந்த நேரத்துல மேத்ஸ் போட்டுப் பாக்கட்டுமே." அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைக்கு நாளைக்கு ஒரு வேலை வேண்டும் என்கிற பயம் நியாயமான பயம். ஆனால் அந்தக் கேள்விக்கு அங்கே நின்றபடி இரண்டு நிமிடத்தில் என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். அந்தக் கால்வாயை வைத்தே சொல்கிறேன்.

1876-ல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. பஞ்சம் ஏன் வந்தது என்று கேட்டால் பிள்ளைகள் "மழை பெய்யலை மிஸ்" என்று எழுதுவார்கள். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் மழை பொய்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லையே. அந்த முறை மட்டும் சென்னை, மைசூர், பம்பாய், ஹைதராபாத் என்று எல்லாப் பக்கமும் சேர்த்து ஐம்பது லட்சம் பேருக்கு மேல் ஏன் செத்தார்கள்?

இங்கேதான் நான் பிள்ளைகளைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பேன். ரிச்சர்ட் டெம்பிள் என்று ஓர் அதிகாரி இருந்தார். 1873, 74-ல் வங்காளம், பீகார் பக்கம் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாக இறக்கிக் கொடுத்தவர் அவர்தான். அந்தப் பஞ்சத்தில் பட்டினிச் சாவு மிகக் குறைவு. அதற்கு அவருக்குப் பாராட்டு கிடைக்கவில்லை. அரசாங்கப் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று திட்டுதான் விழுந்தது. அதே டெம்பிளைத்தான் 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இம்முறை வேலை, செலவைக் குறைப்பது. நாள் முழுக்க மண் வெட்டுகிற ஆளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று அவர் நிர்ணயித்தார். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உழைக்கிற உடம்புக்குக் காணாது, ஒன்றரை ராத்தலாவது வேண்டும், காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். அந்தச் சண்டையெல்லாம் ஆவணங்களில் இருக்கிறது. அரசாங்கத்துக்குள்ளேயே இருந்த ஒரு மருத்துவர், செத்துப்போகிறார்கள் என்று கணக்கோடு சொல்லியும் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. பிறகு கூலியைக் கொஞ்சம் ஏற்றினார்கள். அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. ரயில் வந்துவிட்டது, இனி பஞ்சம் இல்லை என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ரயிலில்தான் வியாபாரிகள் உள்மாவட்டங்களில் இருந்த தானியத்தை ஏற்றிக்கொண்டுபோய்ப் பெரிய கிடங்குகளில் அடைத்தார்கள். விலை ஏறியது. விலையில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்பது லிட்டனின் கொள்கை. வயல் காய்ந்து கிடந்த அதே நாட்களில், 1877 ஜனவரி 1 அன்று, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் தர்பார் நடந்தது. விருந்தும் வேடிக்கையுமாக நாள் கணக்கில் நடந்தது.

இதைச் சொல்லி முடித்ததும் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி அந்தப் பஞ்சத்தில் எடுத்த புகைப்படங்களில் ஒன்றைக் காட்டுவேன். எல்லாவற்றையும் காட்ட மாட்டேன், ஒன்றே ஒன்றுதான். ஒரு குடும்பம் தரையில் உட்கார்ந்திருக்கிறது. விலா எலும்பை எண்ணிவிடலாம். முழங்கால் மூட்டு மட்டும் தொடையைவிடப் பருத்துத் தெரிகிறது. வகுப்பில் எப்போதும் சலசலவென்று இருக்கிற கடைசி பெஞ்சும் அமைதியாகிவிடும். சென்ற வருஷம் ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், போட்டோ எடுத்தவர் அவங்களுக்குச் சாப்பாடு குடுத்தாரா?" அந்தக் காலத்திலேயே ஹூப்பரை இதே கேள்வி கேட்டுக் கண்டித்திருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் எந்தக் குறிப்பும் இல்லாமல் பதிமூன்று வயதுப் பெண் அந்த இடத்துக்குத் தானாக வந்து சேர்ந்தாள். வரலாற்றுப் பாடம் எதற்கு என்று கேட்கிறவர்கள் அந்த வகுப்பில் ஒருநாள் வந்து உட்கார வேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான். இயற்கை என்றும் விதி என்றும் நம் முன்னால் வந்து நிற்கிற பல விஷயங்களுக்குள்ளே யாரோ எடுத்த முடிவு இருக்கிறது. யார், எப்போது, யாருக்காக அந்த முடிவை எடுத்தார்கள் என்று தேடுகிற பழக்கத்தை வேறெந்தப் பாடமும் இந்த அளவுக்குக் கொடுப்பதில்லை. கணக்கும் அறிவியலும் வேண்டும்தான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இந்தப் பழக்கம் இல்லாமல் வளர்கிற பிள்ளை, நாளைக்கு ஓட்டுப் போடும்போதும் அதிகாரி நாற்காலியில் உட்காரும்போதும், எதிரே இருப்பதை "இப்படித்தான் எப்பவும்" என்று நினைத்துக்கொள்ளும்.

ரேஷன் அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். "சும்மா அரிசி குடுத்துக் குடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்று சொல்லாத டீக்கடை உண்டா? நூறு நாள் வேலையைப் பற்றியும் இதே பேச்சுதான்: மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுக் கூலி வாங்குகிறார்கள் என்பது. 1877-ல் அதிகாரிகளை ஆட்டிவைத்த பயமும் இதுதான். தாராளமாகக் கொடுத்தால் ஜனங்கள் உழைக்க மாட்டார்கள், அரசாங்கத்தையே நம்பி உட்கார்ந்துவிடுவார்கள். அதனால்தான் கூலியை வயிறு நிறையாத அளவுக்கு வைத்தார்கள். வேலை செய்யும் முகாமையும் ஊரிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் வைத்தார்கள். உண்மையிலேயே பசிக்கிறவன் மட்டும்தான் நடந்து வருவான் என்பது அவர்கள் கணக்கு. உண்மையிலேயே பசித்தவர்களில் பலருக்குப் பத்து மைல் நடக்கத் தெம்பு இல்லை.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1880-ல் பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது. பஞ்சக் காலத்தில் அரசாங்கம் என்னென்ன செய்ய வேண்டும் என்று விதிகள் வந்தன. அதன் பிறகும் 1943-ல் வங்காளத்தில், பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்காமலேயே விட்டுவிட்டதால் அந்த விதிகள் செயலுக்கு வரவில்லை. முப்பது லட்சம் பேர் அளவில் செத்தார்கள். 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" ஏன் அவ்வளவு பெரிய பேச்சாக இருந்தது, தமிழ்நாட்டு ரேஷன் கடை ஏன் ஏழை பணக்காரன் பார்க்காமல் எல்லா அரிசி அட்டைக்கும் அரிசி போடுகிறது என்பதெல்லாம் இந்தப் பின்னணி தெரியாமல் புரியாது. ரேஷனில் முறைகேடு நடந்தால் கேளுங்கள், நானும் கேட்கிறேன். "சோம்பேறி" என்ற வாதத்தை எடுப்பதற்கு முன்னால், அந்த வாதத்தை நம்பி ஒருமுறை அரசாங்கம் நடத்திப் பார்த்ததில் என்ன ஆனது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மறுபடி அந்தத் தண்ணீருக்கு வருகிறேன். மழைநீர் வடிய வேண்டிய அந்தக் கால்வாயின் படுகையிலேயே தூண்களையும் நிலையங்களையும் கட்டிப் பறக்கும் ரயிலை விட்டோம். 1997-ல் மயிலாப்பூர் வரை வந்தது, 2007-ல் வேளச்சேரி வரை போனது. ரயிலில் நானும்தான் போகிறேன், வருகிறேன். ஆனால் டிசம்பர் வெள்ளம் வரும்போதெல்லாம் தொலைக்காட்சி விவாதத்தில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறவர்கள் கரையோரக் குடிசைவாசிகள். அவர்கள் "ஆக்கிரமிப்பாளர்கள்". அவர்களைக் காலி செய்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அனுப்பினார்கள். அந்த இடங்களும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான பகுதிகள்தான். செம்மஞ்சேரியில் தண்ணீர் புகாத மழைக்காலம் அபூர்வம். தண்ணீருக்குள்ளேயே நிற்கிற கான்கிரீட்டை மட்டும் யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை.

தியாகராய நகரும் அப்படித்தான். அங்கே ஒரு காலத்தில் நீண்ட பெரிய ஏரி இருந்தது. 1920-களில் அரசாங்கமே அதை வடித்துவிட்டு மனை போட்டது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. 2015 டிசம்பரில் "வரலாறு காணாத மழை" என்றார்கள். மழை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் தேங்கி நிற்க இருந்த இடமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்க, ஐம்பது, நூறு வருஷத்துக்கு முந்தைய வரைபடத்தை எடுத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டும். என் மாணவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பழைய வரைபடத்தையும் கைபேசியில் இப்போதைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தன் வீடு எந்த ஏரியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு ஒரு பையன் அப்பாவிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறான்.

பஞ்சத்தில் எல்லோரும் பட்டணத்துக்கு வரவில்லை. கடல் தாண்டிப் போனவர்கள் அதிகம். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு அதற்கு முன்பிருந்தே ஆள் போய்க்கொண்டிருந்தது. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. தாது வருஷம் இன்னும் பலரை அந்த வழியில் தள்ளியது. பிறகு காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. மலையை வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளை, 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், ஒரு குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். கூடலூர், கோத்தகிரி பக்கம் வந்து குடியேறியவர்களை இன்றைக்கும் "சிலோன்காரங்க" என்றுதான் நம் ஆட்கள் சொல்கிறார்கள். எங்கிருந்து ஏன் போனார்கள் என்று தெரிந்தால் அந்தச் சொல் வாயில் அவ்வளவு எளிதாக வருமா? 2023-ல் அந்தத் தோட்டத் தொழிலாளிகளின் வழிவந்த மலையக மக்கள் தங்கள் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். இங்கே நம்மில் எத்தனை பேருக்கு அது செய்தியாக வந்து சேர்ந்தது?

வாட்ஸ்அப்பில் வரலாறு வராமல் இல்லை, நாள் தவறாமல் வருகிறது. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட கதை எனக்கும் பிடிக்கும். அதை வகுப்பில் சொல்லும்போது என் குரலும் உயர்ந்துவிடும். ஆனால் பெருமையை மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, தன் கொள்ளுப்பாட்டனின் பாட்டன் மண் சுமந்த கூட்டத்தில் இருந்திருக்கலாம் என்பது தெரியாமல் போகிறது. எல்லோரும் அரசன் வம்சம் என்று நம்பிக்கொண்டால், இன்றைக்குச் சாலையோரத்தில் கேபிள் பள்ளம் தோண்டுகிற வட மாநிலத் தொழிலாளியைப் பார்த்து "இவங்க ஏன் இங்க வர்றாங்க" என்று கேட்கத்தான் தோன்றும். அந்தக் கேள்வியை நம் ஆட்களைப் பார்த்துக் கண்டியிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் கேட்டிருக்கிறார்கள்.

பள்ளிக் கல்வித் துறையில் இருக்கிற நண்பர்கள் சிலர் என் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களிடம் என் வேண்டுகோள் பெரிதில்லை. பத்தாம் வகுப்பில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் எல்லாம் சேர்த்து ஒரே தாள். அதில் ஐந்து மதிப்பெண்ணாவது, தன் ஊரில் இருக்கிற ஏதாவது ஒன்று, கால்வாயோ ஏரியோ சந்தையோ சத்திரமோ ஆலையோ, எப்போது, யார் உழைப்பில், யார் முடிவில் வந்தது என்று மாணவரே விசாரித்து எழுதுவதற்கு ஒதுக்குங்கள். திருத்துவது கஷ்டம் என்பீர்கள். கஷ்டம்தான், நாங்கள் திருத்துகிறோம். அரைப் பரீட்சை நெருங்கினால் சமூக அறிவியல் பீரியடை எடுத்துக் கணக்குக்குக் கொடுக்கிற வழக்கத்தையும் தலைமையாசிரியர்கள் நிறுத்த வேண்டும். பிள்ளைகளை ஒரு மணி நேரம் பள்ளிக்கு வெளியே கூட்டிப்போக எழுதிக் கொடுக்கிற அனுமதிக் கடிதம், பேருந்து இல்லாமல் நடந்தே போகிற தூரமாக இருந்தால், அன்றைக்கே கையெழுத்தாகி வர வேண்டும்.