கால்வாய் லாக்கில் படகைத் தூக்குவது மோட்டாரா?

"ராட்சத மோட்டார் தண்ணீரை ஏற்றித்தான் லாக்கில் சரக்குப் படகு மேலே போகும்" என்று தண்டையார்பேட்டை, எண்ணூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

லாக் என்பது கால்வாயிலோ ஆற்றிலோ நீர்மட்டம் மாறும் இடத்தில், இரு முனையிலும் கதவுள்ள பெரிய தொட்டி, அவ்வளவுதான். படகு நுழைந்ததும் கீழ்க்கதவை மூடி, மேல்பக்க வால்வைத் திறப்பார்கள். மேட்டுத் தண்ணீர் தானாக இறங்கி நிரம்ப, படகும் கூடவே உயரும். இறங்கவேண்டுமா? நீரைக் கீழ்ப்பக்கம் வடியவிட்டால் போதும். மோட்டார் இருந்தாலும் பெரும்பாலும் கதவையும் வால்வையும் அசைக்கத்தான்.

சரி, ஆற்றில் லாக்கை ஒட்டி அணை எதற்கு? நீரைத் தேக்கி, படகு ஓட ஆழம் தர. அமெரிக்காவின் மேல் மிசிசிப்பி ஆற்றில் இப்படித்தான் 9 அடி ஆழம் காக்கிறார்கள்.

அட, நம் பக்கிங்காம் கால்வாயிலேயே 19-ஆம் நூற்றாண்டில் லாக்குகள் இருந்தனவே! அப்போது ஏது கரண்ட்?