ஏலமா, குலுக்கலா?

விட்டுக்கொடுப்பவர், முண்டியடிப்பவர் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்துவிடுவது நமக்கு எளிதாக இருக்கிறது. முடிவெடுக்க அவர்களுக்கு எந்த முறை வாய்த்தது என்று பார்க்காமல் அப்படித் தீர்ப்புச் சொல்வது சரியல்ல என்பது என் கருத்து.

மதுரையில் தெருவுக்குத் தெரு நடக்கும் சீட்டையே எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர், மாதம் ஆயிரம் ரூபாய். குலுக்கல் சீட்டில் பெயர்த்துண்டுகளைச் சொம்பில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். பெயர் வந்தவரே, "எனக்கு அவசரமில்ல மதினி, மகளுக்குச் சீர் செய்யணும்னீங்களே, இந்த மாசம் நீங்க எடுத்துக்கங்க" என்று மாற்றிவிடுவதும் உண்டு.

ஏலச்சீட்டில் கணக்கே வேறு. அதிகத் தொகையைத் தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்துக் கேட்பவருக்கே அந்த மாதப் பணம். பத்தாயிரத்தை ஒருவர் 2,500 தள்ளி 7,500க்கு எடுத்தால், சீட்டு நடத்துபவரின் 5 சதவீதக் கமிஷன் 500 போக, மிச்சம் 2,000 ஆளுக்கு 200 என்று பிரிகிறது. அந்த மாதம் 800 கட்டினால் போதும். ஆகவே பணம் தேவைப்படாதவரும் வாய் திறக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவுக்காரர் எப்படியும் விடமாட்டார் என்று தெரிந்தே தள்ளை ஏற்றிவிடுகிறார். சொம்புக்கு முன்னால் விட்டுக்கொடுத்த அதே மனிதர்தான் இவரும்.

ஆளுக்கு ஆள் வேறுபாடு இல்லாமல் இல்லை. போதுமானது கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடும் போக்கைப் பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1956இல் விளக்கினார். உச்சத்தையே தேடுபவர்கள் பிறரோடு தங்களை அதிகம் ஒப்பிடுகிறார்கள், நிறைவும் குறைவாகவே அடைகிறார்கள் என்று உளவியலாளர் பாரி ஷ்வார்ட்ஸும் சக ஆய்வாளர்களும் 2002இல் எழுதினார்கள். 200 வந்ததே என்பவரும், போன மாதம் 240 வந்ததே என்று முணுமுணுப்பவரும் எல்லாச் சீட்டிலும் இருக்கிறார்கள்.

சட்டென்று முடிவெடுப்பவர்கள் தாராளமாக நடப்பார்கள் என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. 2017இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது அது உறுதிப்படவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை, ஏலத்தில் முந்திக்கொண்டு வாய்விடுபவர் எவரும் தாராளத்தால் அப்படிச் செய்வதில்லை.

இதனால் ஏலமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவசரத்துக்குப் பணம் புரட்ட குலுக்கல் உதவாது, அது அதிர்ஷ்டத்தை நம்பியது. தள்ளுக்கு ஒரு வரம்பு வைத்து, அந்த வரம்புக்கே இருவர் வந்து நின்றால் மட்டும் குலுக்குவது நல்லது. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டமும் உச்சத் தள்ளுக்கு ஒருவருக்கு மேல் முன்வந்தால் குலுக்கித்தான் முடிவு செய்யச் சொல்கிறது.