ஆமாம், நடந்து பார்த்த பிறகுதான் சரி என்று சொன்னேன்

அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. எது என்று இங்கே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். என் கணவருக்குப் பெர்லினில் வேலைக்கு அழைப்பு வந்ததும் குடும்பத்தோடு போய் ஊரைப் பார்த்துவிட்டு வந்தோம். அந்தத் தெருப் படங்களோடு நான் எழுதிய பதிவிலிருந்து, "ஊரைப் பார்த்த பிறகுதான் வருவதா வேண்டாமா என்று சொல்வேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்" என்ற ஒரே ஒரு வரியை வெட்டி எடுத்து ஒரு குழுவில் போட்டிருக்கிறார்கள். "புருஷனுக்கு ஆஃபர் வந்திருக்கு, மகாராணி ஊரைச் சுத்திப் பார்த்துட்டுத்தான் உத்தரவு குடுப்பாங்களாம்." அதற்குக் கீழே எத்தனை சிரிப்பு! சிரித்தவர்களில் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்த தோழியும் ஒருத்தி. பெயரைப் பார்த்துவிட்டேன்.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். குடும்பத்தோடு ஒரு ஊருக்குக் குடிபோகிறவர்கள் அதற்கு முன் அந்த ஊரில் கால் வலிக்க நடந்து பார்க்க வேண்டும். குடியிருக்கப் போகிற தெருவில், காய்கறிப் பையோடு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, இருட்டிய பிறகும் நடக்க வேண்டும். நம் ஊரில் பெண் கொடுக்கும் முன் பெரியவர்கள் நாலு பேர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பது வரை பார்த்துவிட்டுத்தானே பேச்சை முடிப்பார்கள்? அதையே ஒரு பெண் தனக்காகச் செய்தால் அது ஏன் திமிராகிறது?

நாங்கள் வேண்டுமென்றே நவம்பர் கடைசியில் போனோம். ஜூனில் பெர்லினில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். அப்போது போனால் யாருக்குத்தான் பிடிக்காது? நவம்பர் கடைசியில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. மகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் தெரு எப்படி இருக்கும், பேருந்து நிறுத்தத்தில் யார் நிற்பார்கள், எனக்குப் பயமாக இருக்குமா இருக்காதா என்பதெல்லாம் அந்த இருட்டில் நடந்தால்தான் தெரியும். நடந்தேன். தெரிந்தது.

"கூகுள் மேப் எதுக்கு இருக்கு?" என்று கேட்ட தம்பிக்கு ஜெர்மனியில் கூகுள் மேப்பின் தெருப்படங்களுடைய (ஸ்ட்ரீட் வியூ) கதை தெரியாது போலிருக்கிறது. 2010-இல் 20 பெரிய நகரங்களுக்கு அந்தப் படங்கள் வந்தபோது, எங்கள் வீட்டைக் காட்டாதே என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விண்ணப்பித்தன. அத்தனை வீடுகளும் மங்கலாக்கப்பட்டன. அதன்பிறகு 2023 வரை அங்கே படங்களைப் புதுப்பிக்கவே இல்லை. இப்போது புதிய படங்கள் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்குக் காட்டிய வீடு எந்தப் படத்திலும் வராது. ஏனென்றால் அது தெருவிலேயே இல்லை.

பெர்லினின் பழைய குடியிருப்புகள் பெரும்பாலும் 1870-களிலிருந்து முதல் உலகப் போர் வரையிலான காலத்தில் கட்டப்பட்டவை. தெருவைப் பார்த்து அழகான முன்கட்டு. அதன் வாசலுக்குள் நுழைந்தால் ஒரு முற்றம், அதைச் சுற்றிப் பக்கக்கட்டும் பின்கட்டும். சில இடங்களில் அதற்கும் பின்னால் இன்னொரு முற்றம், இன்னொரு கட்டு. 1853-ஆம் ஆண்டு கட்டட விதிப்படி முற்றம் 5.34 மீட்டர் நீள அகலம் இருந்தால் போதும். தீயணைப்பு வண்டி திரும்புவதற்கு வேண்டிய இடம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வெயிலுக்கு யாரும் கணக்குப் போடவில்லை. எங்களுக்குக் காட்டியது அப்படி ஒரு பின்கட்டின் தரைத்தளம். நண்பகலில் சமையலறை விளக்கைப் போட்டுத்தான் நின்றோம். விளம்பரத்தில் இருந்த பால்கனி முன்கட்டில் வேறு யாருடையதோ. வாடகை கட்டுப்படியாகும், அலுவலகத்துக்குப் பக்கம், என் கணவருக்கு எல்லா வகையிலும் வசதி. நாள் முழுக்க அந்தச் சமையலறையில் இருக்கப் போவது யார்?

அப்புறம் நடைபாதை. அகலமானது, அருமையானது, நம் ஊரில் கனவு காண வேண்டியதுதான். நடுவில் பெரிய கருங்கல் பலகைகள், இருபுறமும் சின்னச் சின்னக் கற்கள். பல தெருக்களில் அதே நடைபாதையை ஒட்டிச் சிவப்புக் கல் பதித்த சைக்கிள் பாதை ஓடுகிறது, இடையில் ஒரு படிகூடக் கிடையாது. என் மகள் அதில் கால் வைத்த நொடியே மணி அடித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாளில் பழகிவிட்டாள். சிவப்பு விளக்கில், தெருவில் ஒரு வண்டிகூட இல்லாதபோதும், பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் பெரியவர்கள் கடக்காமல் நிற்பதை அவளே எனக்குக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கப் போனபோது கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. அங்கே சட்டமே அப்படி. பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் சில கடைகள், தெருமுனைப் பெட்டிக்கடைகள் என்று கொஞ்சம்தான் திறந்திருக்கும். இதெல்லாம் இணையத்தில் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, நானும் படித்திருந்தேன். பசித்த பிள்ளையோடு பூட்டிய கதவின் முன்னால் நிற்பது வேறு.

இந்த நடையில்தான் எனக்கு அந்த ஊர் பிடித்தும் போனது. சிரித்தவர்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. ஊரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து 1961-இல் எழுந்து 1989-இல் திறந்த பெர்லின் சுவரின் மிச்சத்தைப் பெர்னவர் தெருவில் மகளோடு பார்த்தேன். சுவர் இல்லாத இடங்களிலும் நகரின் நடுவே பல தெருக்களில் இரட்டை வரிசைக் கற்கள் அது போன வழியைச் சொல்கின்றன. மேற்குப் பகுதியில் 1967-இல் டிராமை நிறுத்திவிட்டார்கள், அதனால் இன்றைக்கும் பெரும்பாலான தண்டவாளங்கள் பழைய கிழக்கில்தான் இருக்கின்றன. வீட்டு வாசல்களில் உள்ளங்கை அளவு பித்தளைத் தகடுகளைப் பார்த்தோம். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய பணி அது. அந்த வீட்டில் வாழ்ந்து நாஜிகளால் கொண்டுபோகப்பட்டவரின் பெயர், பிறந்த ஆண்டு, எங்கே கொண்டுபோனார்கள், எங்கே கொன்றார்கள் என்பது வரை பொறித்திருக்கிறது. குனிந்து படிக்க வேண்டும். மகள் ஒவ்வொன்றுக்கும் நின்றாள். குடிபோகிற ஊரில் என்ன நடந்தது என்று அவள் தெரிந்துகொண்டு போவதில் எனக்குச் சம்மதமே.

டெம்பல்ஹோஃப் மைதானத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. 2008-இல் மூடிய விமான நிலையம், 2010-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 300 ஹெக்டேருக்கும் மேல். ஓரங்களில் வீடு கட்டலாம் என்று அரசு திட்டமிட்டபோது, 2014-இல் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையானோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விமானம் ஓடிய பாதையில் என் மகள் மூச்சு வாங்க ஓடினாள். சென்னையில் எங்கள் தெருவில் அவளை இருபதடி தனியாக ஓடவிட்டதில்லை.

அங்கிருந்து தெற்கே பிரிட்ஸ் பகுதியில் இலங்கைத் தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது, 2013-இல் குடமுழுக்கு கண்டது. யு7 என்ற சுரங்க ரயிலில் போய் இறங்கி நடந்து போனோம். அங்கே பார்த்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பிள்ளை, வீட்டை அவையள் காட்டேக்க மட்டும் பாக்காதேங்கோ. பின்னேரம் தனிய வந்து அந்த ரோட்டால நடந்து பாருங்கோ. குளிருக்க பிள்ளையோட பஸ்சுக்கு நிண்டு பாத்தாத்தான் விளங்கும்." எந்த வசதியும் இல்லாமல், போரிலிருந்து தப்பி அந்த ஊருக்கு வந்தவர். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

செலவைப் பற்றிக் கேட்டவர்களின் கேள்வி நியாயமானதுதான். விசாவுக்கே பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ, டிக்கெட் தனி. எல்லோராலும் முடியாது. எங்களுக்கும் அது சேமிப்பில் கைவைத்த செலவுதான், நகைச்சீட்டை அதற்காகத்தான் எடுத்தோம். முதலில் போய்த் தற்காலிகமாகத் தங்கிக்கொண்டு தேடலாமே என்று சிலர் சொன்னார்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே குடியிருக்கும் முகவரியை வைத்துத்தான் தொடக்கப்பள்ளி ஒதுக்குகிறார்கள். மொழி தெரியாத பிள்ளையை ஒரு பள்ளியில் சேர்த்து, நாலு மாதத்தில் வீடு மாறி, இன்னொரு பள்ளிக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை. இதற்கு மேல் பணத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

என்னைச் சுட்டது வேறு ஒன்று. "நம்ம பாட்டன் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஊரைப் பார்த்துட்டா கப்பலேறினான்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, அவர்களுக்கு யார் காட்டினார்கள்? கங்காணி கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, எந்தக் காடு, என்ன கூலி என்று தெரியாமல் ஏற்றப்பட்டார்கள். பர்மாவிலிருந்து 1942-இல் நடந்தே திரும்பியவர்களில் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்துப்போனார்கள். வேறு வழி இல்லாதவர்கள் பட்டதை எடுத்து வந்து, வழி இருக்கிறவளைப் பார்த்து நீயும் அப்படிப் போ என்று சொல்வது எப்படி நியாயம்?

என் அத்தையைப் பற்றிச் சொல்கிறேன், இதை எங்கேயும் எழுதியதில்லை. தொண்ணூறுகளில் கல்யாணமாகி வளைகுடா நாடு ஒன்றுக்குப் போனார். மாமாவுக்கு நல்ல சம்பளம். வீடு நெடுஞ்சாலை ஓரத்தில், நடைபாதை கிடையாது, கடை சாலைக்கு அந்தப் பக்கம். மாமா விடிகாலையில் போனால் இரவுதான் வருவார். "கதவுக்கும் லிஃப்டுக்கும் நடுவுல நடக்கிறேன் அண்ணி, அதான் எனக்கு வாக்கிங்" என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அந்த நீலக் கடிதத்தை நான் படித்திருக்கிறேன். சில வருடங்களில் ஆளே மாறித் திரும்பி வந்தார். அனுசரித்துப் போயிருக்கலாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசினார்கள். உனக்கு அந்த ஊர் சரிப்படுமா என்று போகும் முன் ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை.

வெளிநாட்டு வேலை என்றதும் எல்லோரும் சம்பளம், வரி, விசா, சேமிப்பு என்று பேசுகிறீர்கள். பேசுங்கள். உங்களோடு வருகிறவள் தன் வேலையை விட்டுவிட்டு வருகிறாள். அம்மா வீட்டை விட்டு வருகிறாள். நீங்கள் அலுவலகத்துக்குப் போய்விடுவீர்கள், அங்கே ஆட்கள் இருப்பார்கள், ஆங்கிலம் இருக்கும். அவளுக்கு இருப்பது அந்தத் தெரு. அதைப் பார்க்க அவள் ஆசைப்பட்டதற்கா இத்தனை சிரிப்பு?

என் கணவரைப் பாவம் என்று எழுதியவர்களுக்கு ஒன்றே ஒன்று. போய்ப் பார்த்துவிட்டுச் சொல் என்று முதலில் சொன்னவர் அவர்தான். நான் சரி என்று சொன்ன பகுதி பிரிட்ஸ். பள்ளிக்கு நடந்து போய்விடலாம், காய்கறிக் கடை இரண்டு தெரு தள்ளி, சமையலறையில் காலை வெயில் விழுகிற வீடுகள் அங்கே இருக்கின்றன. அவருக்கு அலுவலகம் தூரம், ரயிலில் கூடுதல் நேரம் ஆகும். தினமும் அந்த ரயிலில் போகப் போகிறவர் அவர்தான், அவருக்கு அதில் வருத்தம் இல்லை.